நைல்: யாரைக் கேட்டுக் கட்டுவது?

2018 ஜூன் 10. கெய்ரோவில் செய்தியாளர்கள் நிறைந்த கூடம். பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகாத எத்தியோப்பியப் பிரதமர் அபிய் அகமதுவும் எகிப்து அதிபர் அப்தெல் ஃபத்தா அல்-சிசியும் அருகருகே நிற்கிறார்கள். சிசி திடீரென்று ஒரு வேண்டுகோள் வைக்கிறார். நான் சொல்வதை மக்கள் முன்னிலையில் அப்படியே திருப்பிச் சொல்லுங்கள் என்கிறார். அவர் அரபியில் சொல்லச் சொல்ல, பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் அபிய் பின்பாட்டாகச் சொல்கிறார். 'வல்லாஹி, வல்லாஹி.' இறைவன்மீது ஆணை, எகிப்தின் தண்ணீருக்கு எங்களால் எந்தத் தீங்கும் வராது. கூடம் சிரிக்கிறது, கை தட்டுகிறது.

எனக்கு அந்தக் காட்சியைப் பார்க்கும்போது சிரிப்பு வரவில்லை. ஒரு நாட்டின் தலைவரை இன்னொரு நாட்டின் மொழியில், உலகமே பார்க்கச் சத்தியம் செய்யவைத்தால் அதற்குள் எத்தனை நூற்றாண்டுப் பயம் இருக்க வேண்டும்! சத்தியம் செய்தவர் ஊர் திரும்பியபோது எவ்வளவு கூசியிருப்பார்!

ஏழு ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பர் 9 அன்று, சூடான் எல்லைக்கு அருகே குபா என்ற இடத்தில், அதே அபிய் எத்தியோப்பிய மறுமலர்ச்சிப் பேரணையைத் திறந்துவைத்தார். எத்தியோப்பியப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் இருந்தது. கென்யா, சோமாலியா, ஜிபூட்டி, தென் சூடான் தலைவர்கள் வந்திருந்தார்கள். எகிப்திலிருந்து வந்தது வாழ்த்தல்ல, ஐ.நா. பாதுகாப்பு மன்றத்துக்கு அது அன்றே ஒரு கண்டனக் கடிதம் எழுதியது.

145 மீட்டர் உயரம், ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் நீளம், 5,150 மெகாவாட் மின்திறன். நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 7,400 கோடி கன மீட்டர். நமக்குப் புரியும் கணக்கில் சொன்னால், 28 மேட்டூர் அணைகள்.

இதைத் தண்ணீர்ச் சண்டை என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் மின்சாரத்துக்காகக் கட்டிய அணை தண்ணீரை விழுங்கிவிடாது. டர்பைனைச் சுற்றவைத்த பிறகு ஆற்றில் விட்டே ஆக வேண்டும். விடாவிட்டால் மின்சாரம் இல்லை. எத்தனை ஆண்டில் நிரப்புவது, வறட்சி வந்தால் எவ்வளவு திறப்பது என்பதெல்லாம் பொறியாளர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து தீர்க்கக்கூடிய கணக்கு. பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பேசியும் அந்தக் கணக்கில் கையெழுத்து விழவில்லை. மேசைமேல் தண்ணீரோடு சேர்த்து வேறொன்றையும் வைத்துவிட்டார்கள். நாம் யார் என்ற கேள்வியை வைத்துவிட்டார்கள்.

கறுப்பு மண் யாருடையது?

பழைய எகிப்தியர்கள் தங்கள் நாட்டை 'கெமெட்' என்றார்கள். கறுப்பு நிலம் என்று பொருள். ஆண்டுதோறும் வெள்ளம் வடிந்தபின் கரைகளில் தங்கிய வண்டலின் நிறம் அது. அந்த வண்டல் எகிப்தில் பிறந்ததல்ல. ஜூன் முதல் செப்டம்பர்வரை எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் கொட்டும் மழை, மலை மண்ணை அரித்துக்கொண்டு வந்து சேர்த்தது. எகிப்தின் தென்கோடியில் உள்ள அஸ்வானை எட்டும் நைல் நீரில் 100க்கு 85 பங்கு எத்தியோப்பியாவிலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதியைக் கொண்டுவருவது தானா ஏரியிலிருந்து புறப்பட்டு, கார்ட்டூமில் வெள்ளை நைலோடு கலக்கும் நீல நைல். எத்தியோப்பியர்களுக்கு அது அபாய். அவர்கள் பேச்சில் ஒரு பழமொழி உண்டு: அபாய்க்குத் தங்குவதற்கு வீடில்லை, மரக்கட்டையைச் சுமந்துகொண்டு அலைகிறது. தன் வீட்டு மண்ணையும் மரத்தையும் அள்ளிக்கொண்டு அயலூருக்குப் போய்விடும் பிள்ளையைப் பற்றிப் பெற்றவர்கள் பேசுவதுபோன்ற தொனி அதில் இருக்கிறது. பாடகி ஜிஜி 'அபாய்' என்றே ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார்.

கீழே, எகிப்தில், நாடே ஒரு நீளக்கோடு. 10 கோடிக்கும் மேற்பட்ட மக்களில் ஏறக்குறைய எல்லோரும் ஆற்றை ஒட்டிய குறுகலான பள்ளத்தாக்கிலும் கழிமுகத்திலும் வாழ்கிறார்கள், மற்றது பாலைவனம். நன்னீரில் 97 விழுக்காடு நைல் தருவது. ஆகஸ்டில் 'வஃபா அல்-நீல்' என்று ஆற்றுக்கு விழா எடுக்கிறார்கள். புதுவெள்ளத்துக்கு எடுத்த விழா அது. நம் ஆடிப்பெருக்குக்குச் சில நாள் கழித்து வருகிறது. தங்கள் நாட்டை அவர்கள் 'உம் அத்-துன்யா', உலகின் தாய் என்பார்கள். உலகின் தாய்க்குத் தண்ணீர் அடுத்த வீட்டிலிருந்து வருகிறது என்பதை மனம் எளிதில் ஏற்காது. காவிரிக் கடைமடையில் ஜூன் மாதத்தில் வானத்தையும் செய்தித்தாளையும் மாறி மாறிப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த அச்சத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. மேலே ஒருவன் கதவைச் சாத்திவிடுவானோ என்ற பயத்துக்குப் புள்ளிவிவரம் மருந்தாகாது.

அந்தப் பயத்துக்கு வயது 700. 14ஆம் நூற்றாண்டில், எகிப்தில் காப்டிக் கிறித்துவர்கள் துன்புறுத்தப்பட்டபோது, எத்தியோப்பியப் பேரரசர் அம்தா செயோன் நைலைத் திருப்பிவிடுவேன் என்று எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தானை மிரட்டினார். அன்றைய கருவிகளால் ஓர் ஓடையைக்கூட அப்படித் திருப்பியிருக்க முடியாது. ஆனாலும் மிரட்டல் கெய்ரோவில் மறக்கப்படவில்லை.

இரண்டு நாடுகளையும் கட்டிவைத்த இன்னொரு கயிறும் உண்டு. எத்தியோப்பியத் திருச்சபைக்குத் தலைமை ஆயரை அலெக்சாண்ட்ரியாவின் முதுபெரும் தந்தைதான் அனுப்பிவந்தார். ஏறத்தாழ 1,600 ஆண்டுகள், ஓர் எகிப்தியத் துறவிதான் எத்தியோப்பியர்களின் ஆன்மிகத் தலைவர். மேலிருந்து கீழே தண்ணீர் போனது, கீழிருந்து மேலே ஆயர் போனார். 1959இல் எத்தியோப்பியத் திருச்சபை தனக்கென்று ஒரு முதுபெரும் தந்தையைப் பெற்றது. அதே 1959 நவம்பரில், எகிப்தும் சூடானும் நைல் நீரைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டன. எகிப்துக்கு 5,550 கோடி கன மீட்டர், சூடானுக்கு 1,850 கோடி, ஆவியாகிப் போவதற்கு 1,000 கோடி. அஸ்வானுக்கு வரும் சராசரி நீர் 8,400 கோடி. கூட்டிப் பார்த்தால் ஒரு சொட்டும் மிச்சமில்லை. 85 பங்கு தருபவரை அந்த மேசைக்கு அழைக்கவே இல்லை.

லண்டன் போட்ட முடிச்சு

இதற்கு முன்பே ஒரு முடிச்சு விழுந்திருந்தது. 1902இல் எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனெலிக் பிரிட்டனோடு எல்லை உடன்படிக்கை செய்தபோது, நீல நைல், தானா ஏரி, சோபாத் ஆறு ஆகியவற்றின் ஓட்டத்தைத் தடுக்கும் எந்தக் கட்டுமானத்தையும் பிரிட்டனும் சூடான் அரசும் சம்மதிக்காமல் எழுப்பமாட்டேன் என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு ஒரு நினைவு வராமல் இருக்காது. பத்தே ஆண்டு முன்னால், 1892இல், சென்னை மாகாணத்தின் சம்மதம் இல்லாமல் மைசூர் புதிய பாசனப் பணி செய்யக்கூடாது என்று போடப்பட்ட உடன்படிக்கையின் சாரமும் இதுதான். இரண்டும் ஒரே பேரரசின் எழுத்தர்கள் எழுதியவை. எகிப்துப் பாசனத்தைச் சீரமைத்த பொறியாளர்களும் இந்தியாவில் வேலை கற்றவர்கள்தாம். பழைய அஸ்வான் அணையை வடிவமைத்த வில்லியம் வில்காக்ஸ் இந்தியாவில் பிறந்து ரூர்க்கியில் படித்தவர். கீழ்மடையில் தனக்குப் பருத்தியும் வரியும் வேண்டியிருந்த இடத்தில் பேரரசு கீழ்மடையின் உரிமையைப் பேசியது.

வேண்டாதபோது அதே பேரரசு என்ன செய்யும் என்பதை எகிப்து 1924இல் கண்டது. சூடானின் பிரிட்டிஷ் தலைமை ஆளுநர் லீ ஸ்டாக் கெய்ரோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடனே உயர் ஆணையர் ஆலன்பி, சூடானின் கெஸிராவில் பாசனப் பரப்பை வரம்பில்லாமல் பெருக்கிக்கொள்வோம் என்று எச்சரிக்கை விடுத்தார். கொலைக்குத் தண்டனை தண்ணீர்! 'மேலே உள்ளவன் குழாயை மூடுவான்' என்ற எகிப்தின் அச்சத்துக்குப் புதுத் தழும்பைத் தந்தது எத்தியோப்பியா அல்ல, பிரிட்டன். 1929இல் எகிப்தைச் சமாதானப்படுத்தப் போட்ட ஒப்பந்தம், மேலே பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் நைலில் எகிப்தைப் பாதிக்கும் எந்தப் பணியும் அதன் ஒப்புதல் இல்லாமல் கூடாது என்றது. இன்றும் கெய்ரோ 'வரலாற்று உரிமை' என்னும்போது இந்தத் தாள்களைத்தான் காட்டுகிறது. எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவின் பதில் இது: காலனிக்காரன் எழுதிய தாள் எங்களைக் கட்டுப்படுத்தாது. நாங்கள் காலனியாகவே இருந்ததில்லை.

அந்தப் பதிலுக்குப் பின்னால் அத்வா இருக்கிறது. 1896இல் இத்தாலியப் படையை அங்கே தோற்கடித்த நாள், எத்தியோப்பியத் தேசியத்தின் அச்சாணி. அதற்கும் இருபது ஆண்டு முன்பு, 1875இலும் 1876இலும், குண்டெத்திலும் குராவிலும், அவர்கள் தோற்கடித்தது எகிப்தின் படையை. எகிப்தை ஆண்ட கெதிவ் இஸ்மாயில் அனுப்பிய அந்தப் படையில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட அதிகாரிகளும் இருந்தார்கள்.

ஒரே கதை, இரண்டு அணைகள்

என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரத்தின் மையம் இங்கேதான். எகிப்து தன்னையே கண்ணாடியில் பார்க்க மறுக்கிறது.

1956 ஜூலையில், அஸ்வான் உயர் அணைக்குத் தருவதாகச் சொன்ன நிதியை அமெரிக்காவும் பிரிட்டனும் திரும்பப் பெற்றன. ஒரே வாரத்தில், ஜூலை 26 அன்று, எகிப்து அதிபர் நாசர் அலெக்சாண்ட்ரியாவில் பேசினார். பேச்சின் நடுவே சூயஸ் கால்வாயை வெட்டிய லெசெப்ஸின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அது அடையாளச் சொல். அதைக் கேட்டதும் ஆட்கள் கால்வாய் அலுவலகங்களைக் கைப்பற்றினார்கள். கால்வாய் வருவாயில் அணை கட்டுவோம் என்றார் நாசர். போர் வந்தது, சோவியத் உதவி வந்தது, 1960இல் அணை வேலை தொடங்கியது. பாடகர் அப்தெல் ஹலீம் ஹாஃபிஸ் 'ஒரு மக்களின் கதை' என்று பாடினார், நாடே கூடப் பாடியது. உலகம் இல்லையென்று சொன்னதை நாங்களே கட்டினோம் என்பதுதான் அந்தக் கதை. அணை திறக்கப்பட்ட 1971 ஜனவரியில் நாசர் உயிரோடு இல்லை.

இதை அப்படியே எடுத்து அரை நூற்றாண்டு தள்ளி வையுங்கள். நீல நைலில் எங்கெங்கே அணை கட்டலாம் என்று அமெரிக்கப் பொறியாளர்கள் 1964இலேயே ஆய்வை முடித்துக் கொடுத்துவிட்டார்கள். கட்டப் பணம் தர யாரும் முன்வரவில்லை. கீழே எகிப்தின் எதிர்ப்பு இருக்கும் ஆற்றில் கடன் கொடுக்கப் பன்னாட்டு வங்கிகள் தயங்கின. 2011 ஏப்ரல் 2 அன்று, எகிப்தில் அதிபர் முபாரக் வீழ்ந்து இரண்டு மாதம் முடிவதற்குள், அன்றைய எத்தியோப்பியப் பிரதமர் மெலஸ் ஜெனாவி குபாவில் அடிக்கல் நாட்டினார். கடன் இல்லாவிட்டால் போகட்டும், நாமே கட்டுவோம் என்றார். அரசு ஊழியர்கள் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தார்கள். ஏழை எளியவர்களும் சிறு தொகைப் பத்திரம் வாங்கினார்கள், வெளிநாட்டில் டாக்சி ஓட்டுபவர்கள் டாலர் அனுப்பினார்கள். 'இது என் அணை' என்பது தேசிய முழக்கமானது. மெலஸ் 2012இல் இறந்தார். அணையின் முகமாக இருந்த தலைமைப் பொறியாளர் சிமெக்னியூ பெக்கெலே, 2018 ஜூலையில் அடிஸ் அபாபாவின் மெஸ்கல் சதுக்கத்தில் தன் காருக்குள் இறந்து கிடந்தார். தற்கொலை என்றது காவல்துறை. இறுதி ஊர்வலத்தில் மக்கள் கதறியதைப் பார்த்தவர்கள் அந்த அணையை வெறும் மின் திட்டம் என்று சொல்லமாட்டார்கள்.

எத்தியோப்பியருக்கு அழிக்க வேண்டிய ஒரு படமும் இருந்தது. 1984ஆம் ஆண்டின் படம். மழை பொய்த்தது, உள்நாட்டுப் போர் அதைப் பெருக்கியது, லட்சக்கணக்கானோர் பசியால் மடிந்தார்கள். எலும்பும் தோலுமான குழந்தையே உலகத்துக்கு எத்தியோப்பியாவின் முகவரி ஆனது. அதே ஆண்டுகளில், அதே மழை பொய்த்ததால், உயர் அணையின் நீர்த்தேக்கமான நாசர் ஏரியும் இறங்கிக்கொண்டே போனது. ஆனால் எகிப்தில் பஞ்சம் வரவில்லை. முந்தைய ஆண்டுகளின் எத்தியோப்பிய வெள்ளம் உயர் அணைக்குப் பின்னால் சேமிக்கப்பட்டிருந்தது. 1988 வெள்ளம் வரும்வரை எகிப்து அதை வைத்துப் பிழைத்தது. தன் மலையில் பெய்த மழை அடுத்த நாட்டைக் காப்பாற்றியிருக்கிறது, தன் பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை என்பதை ஓர் எத்தியோப்பியர் எண்ணிப் பார்த்தால் அவர் நெஞ்சு எப்படி இருக்கும்? 12 கோடிப் பேருக்கும் மேல் வாழும் நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மின்சாரம் இல்லை. விறகு சுமந்து முதுகு வளைந்த பெண்களை அந்த நாட்டின் எந்தச் சாலையிலும் பார்க்கலாம். கட்டுவதற்கு அவர்களுக்கு உரிமை இருந்தது. இதில் எனக்கு ஐயமே இல்லை.

இரண்டு தேசியப் பாடல்களும் சொல்லாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். உயர் அணை நாசர் ஏரியாய் விரிந்தபோது, எகிப்திலும் சூடானிலுமாகச் சுமார் 1 லட்சம் நூபியர்கள் ஊரை இழந்தார்கள். அபு சிம்பல் கோயிலை அறுத்து மேலே தூக்கிவைக்க உலகமே திரண்டது. நூபியர்களின் பேரீச்சந்தோப்புகளைத் தூக்கிவைக்க ஒருவரும் வரவில்லை. குபாவிலும் குமுஸ் மக்கள் ஆற்றங்கரையை விட்டுப் போக வேண்டியிருந்தது.

பேசிய ஆண்டுகள்

பேச்சுவார்த்தையின் கதை நீளமானது, பலன் குறைவானது. 2013 ஜூனில், அப்போதைய எகிப்து அதிபர் முர்சி அழைத்த கூட்டத்தில் அரசியல் தலைவர்கள் அணையைச் சேதப்படுத்துவது, எத்தியோப்பியக் கிளர்ச்சியாளர்களுக்கு உதவுவது என்று மனம்விட்டுப் பேசினார்கள். தொலைக்காட்சியில் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. எத்தியோப்பியர்களின் சந்தேகம் அன்று உறுதியானது. 2015 மார்ச்சில் கார்ட்டூமில் எகிப்து, சூடான், எத்தியோப்பியா ஆகிய மூன்று நாட்டுத் தலைவர்களும் கொள்கைப் பிரகடனம் ஒன்றில் கையெழுத்திட்டார்கள். நியாயமான பயன்பாடு, கணிசமான தீங்கு கூடாது என்ற நல்ல சொற்கள் அதில் இருந்தன, எண்கள் இல்லை. 2020 தொடக்கத்தில், அமெரிக்கா நடுவராக இருக்க, வாஷிங்டனில் ஒப்பந்த வரைவு தயாரானது. எகிப்து முதலெழுத்திட்டது, எத்தியோப்பியா கடைசிச் சுற்றுக்கு வரவே இல்லை. அந்த ஆண்டு அக்டோபரில் அதிபர் டிரம்ப், எகிப்து அந்த அணையைத் தகர்த்துவிடும் என்று தொலைபேசியில் சொன்னதை உலகமே கேட்டது. நடுவர் ஒருவர் அதைவிடப் பெரிய தீங்கு செய்திருக்க முடியாது. அணையை எதிர்த்த எத்தியோப்பியரும் அன்று அணையின் பக்கம் போயிருப்பார்.

அதற்குள் 2020 ஜூலையில் முதல் நிரப்பல் முடிந்திருந்தது. 2022 பிப்ரவரியில் முதல் மின்சாரம். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் ஒரு நிரப்பல் என்று ஐந்து ஆண்டு நடந்தது. மழை நன்றாகப் பெய்ததாலும், அஸ்வானில் இருப்பு இருந்ததாலும் எகிப்தின் வயல்கள் காயவில்லை. ஆனால் கெய்ரோ அந்தப் பயத்துக்கு ஏற்கெனவே விலை கொடுத்துக்கொண்டிருந்தது. 2018 முதல் கழிமுகத்தில் நெல் பயிரிடும் பரப்புக்கு உச்சவரம்பு, மீறினால் அபராதம். கால்வாய்களுக்குச் சிமெண்ட் பூச்சு, வடிகால் நீரைச் சுத்தம் செய்து திரும்பப் பாய்ச்சும் ஆலைகள். தலைக்கு ஆண்டுக்கு 600 கன மீட்டருக்கும் குறைவாக நீர் கிடைக்கும் நாடு இதையெல்லாம் அணை இல்லாவிட்டாலும் செய்தே ஆக வேண்டியிருந்திருக்கும். நெல்லை விட்டுவிடு என்று ஒரு கழிமுக விவசாயியிடம் சொல்வது எவ்வளவு கொடியது என்பதும் எனக்குத் தெரியும்.

தண்ணீரில் தொடங்கிய பகை இப்போது கடலையும் தொட்டுவிட்டது. 1993இல் எரித்திரியா பிரிந்தபின் எத்தியோப்பியாவுக்குக் கடற்கரை இல்லை. 2024 ஜனவரி 1 அன்று, சோமாலியாவிலிருந்து பிரிந்து நிற்கும் சோமாலிலாந்தோடு கடல்வழிக்கான புரிந்துணர்வு ஒன்றை அடிஸ் அபாபா செய்தது. கொதித்த சோமாலியாவோடு ஆகஸ்டில் எகிப்து பாதுகாப்பு ஒப்பந்தம் செய்து ஆயுதம் அனுப்பியது. அக்டோபரில் எகிப்து, எரித்திரியா, சோமாலியா தலைவர்கள் அஸ்மராவில் கூடினார்கள். அதே அக்டோபரில், 1959ஆம் ஆண்டின் பங்கீட்டை ஏற்காத மேல்மடை நாடுகளின் கூட்டு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. எகிப்தும் சூடானும் அதில் இல்லை.

நடுவில் மாட்டிக்கொண்டது சூடான். அதன் ரொசைரெஸ் அணை, புதிய அணைக்குக் கீழே, ஆற்றில் அதிகத் தூரமில்லாமல் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் அந்த நாடு உள்நாட்டுப் போரில் எரிகிறது. பேரணை திறந்த சில வாரத்தில், 2025 செப்டம்பர் இறுதியில், சூடானில் வெள்ளம் வந்தது. எத்தியோப்பியா சொல்லாமல் திறந்துவிட்டது என்றது எகிப்து. அணை இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும் என்றது எத்தியோப்பியா. வீட்டுக்குள் நீர் புகுந்த சூடானியருக்கு இதில் எது உண்மை என்று காட்ட இருவர் கையிலும் பொது ஆவணம் ஒன்றுகூட இல்லை.

எத்தியோப்பியாவோடு எனக்குள்ள மன வருத்தம் இதுதான். கட்டும் உரிமையை வென்றவர்கள், கட்டியதை இயக்கும் விதியை எழுதித் தர மறுக்கிறார்கள். தொடர்ந்து சில ஆண்டு மழை பொய்த்தால் எவ்வளவு திறப்போம் என்று கையெழுத்திட்டால், அது 1902ஐப் போல இன்னொரு சங்கிலியாகிவிடும் என்று அஞ்சுகிறார்கள். எகிப்தோ 5,550 கோடி என்ற எண்ணை விட்டு ஓர் அங்குலம் நகர்ந்தால் தேசமே நகர்ந்துவிடும் என்று நினைக்கிறது. அந்த எண்ணை எழுதிய நாளில் எகிப்தின் மக்கள்தொகை 3 கோடியைக்கூட எட்டியிருக்கவில்லை.

கெய்ரோவில், ரோதா தீவின் முனையில், 861இல் கட்டிய நீர்மானி இன்றும் இருக்கிறது. கிணறுபோல் இறங்கும் கற்படிகள், நடுவே முழக் குறியிட்ட பளிங்குத் தூண். வெள்ளம் 16 முழம் ஏறினால் அந்த ஆண்டு விளைச்சல் உண்டு, வரியும் உண்டு. 19ஆம் நூற்றாண்டுவரை, வெள்ளக் காலத்தில் தினமும் அந்தத் தூணைப் பார்த்துவிட்டு வந்து, நேற்றைவிட இன்று இத்தனை விரல் ஏறியிருக்கிறது என்று தெருத் தெருவாய்க் கூவிச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். சனங்கள் வாசலில் நின்று கேட்டார்கள். இன்று அந்த எண் 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், குபாவின் கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஓடுகிறது. அதை ஒவ்வொரு நாளும் கார்ட்டூமுக்கும் கெய்ரோவுக்கும் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஒப்பந்தம், அணை திறந்த நாள்வரை எழுதப்படவில்லை.